நடுச்சுவருக்கு மேலே

“இந்தப் பர்லினை எல்லாம் சுவரோட சரியா அறுத்து விட்டுடுங்க. அவன் பக்கத்து இரும்பு ஒரு விரக்கடைகூட என் பக்கம் நீட்டக் கூடாது!”

அண்ணன்காரர் கான்ட்ராக்டரிடம் மேலே கை காட்டிச் சொன்னார். கூரைத் தகரத்தைத் தாங்கிக்கொண்டு, நடுச்சுவரைச் சட்டையே பண்ணாமல், ஷெட்டின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை ஓடின இரும்புச் சட்டங்கள்.

பாகம் பிரித்ததில் ஷெட் ஆளுக்குப் பாதி. தம்பிக்காரன் தன் பங்கு மெஷின்களோடு வேறு இடம் போய்விட்டான். தன் பாதிக் கூரையையும் கழற்றிக்கொண்டு போய் அங்கே மாட்டிக்கொள்வதாகத்தான் பேச்சு. மழைக்காலமே வந்தாச்சு, ஒரு போல்ட்டைக்கூடத் தொடவில்லை. அங்கே தார்ப்பாய் கட்டி லேத் ஓட்டுகிறானாம்!

“சொந்தக் கூரையை இங்க சும்மா போட்டுட்டு எவனாவது தார்ப்பாய்க்குக் கீழ கிடப்பானா? இதுல ஏதோ உள்குத்து இருக்கு.”

“அவருக்கு என்ன கஷ்டமோ,” என்றாள் மனைவி.

“கொழுந்தனை விட்டுக்கொடுக்க மாட்டியே! நாளைக்கே வந்து, ‘கூரை என்னோடது, ஷெட்டே என்னோடது’ன்னு நிப்பான். அப்ப தெரியும்.”

கான்ட்ராக்டர் ஏணியில் ஏறினார். சுவருக்கு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் எட்டிப் பார்த்துவிட்டு இறங்கினார்.

“அறுக்க முடியாது சார்.”

“ஏன், உங்களையும் கையில போட்டுக்கிட்டானா?”

“அட, நீங்க வேற! இது தகரத்தை மட்டுமா தாங்குது? பெரிய ஃபிரேம் எல்லாம் சாயாம ஒண்ணையொண்ணு பிடிச்சிட்டு நிக்கறதே இதாலதான். காத்துக்கு ஈடு கொடுக்கற குறுக்குக் கம்பி மொத்தமும் தம்பி பக்கம் இருக்கு. இதை அறுத்தீங்கன்னா அடுத்த பெருங்காத்துக்கு உங்க கூரை உங்க தலையில.”

அண்ணன்காரர் உள்ளே மெஷின் ஓட்டிக்கொண்டிருந்த ஆட்களை ஒருதரம் திரும்பிப் பார்த்தார்.

“அப்ப... அவன் பாதியை அவன் கழற்றினா?”

“அப்பவும் இதே கதைதான்.”

“பார்த்தியாடி! இதுக்குத்தான் விட்டு வச்சிருக்கான். நேரம் பார்த்துக் கழற்றி என்னைக் கவுத்துடப் பார்க்கறான், படுபாவி!”

கான்ட்ராக்டருக்குப் பொறுக்கவில்லை.

“சொல்லக் கூடாதுன்னு உங்க தம்பி சத்தியம் வாங்கினார். இதுக்கு மேலயும் வாயை மூடிட்டிருந்தா எனக்குத்தான் பாவம். அவர் கழற்றத்தான் என்னைக் கூப்பிட்டார், சார். இதே விஷயத்தைச் சொன்னேன். அந்த நிமிஷமே ஆளுங்களைத் திருப்பி அனுப்பிட்டு, ‘அண்ணன்கிட்ட மட்டும் மூச்சு விடாதீங்க. அவர் கூரை என் தயவுல நிக்குதுன்னு தெரிஞ்சா, ரோஷத்துல அவரே அறுத்துத் தள்ளிடுவார்’னார்.”