மலையேறிய ராயபுரத்து மானம்

"கேபிள் கார்லயே போலாம்பா" என்றாள் மகள் ஜூடி. சுவிட்சர்லாந்தில் அவளுக்கு நர்ஸ் வேலை. நான் ராயபுரத்திலிருந்து வந்த விருந்தாளி.

"துறைமுகத்துல முப்பது வருசம் கிரேன் ஏறுனவன்மா நானு. இதெல்லாம் ஒரு மலையா? நீ கார்ல வா, நான் நடந்தே வரேன்."

அரை மணி நேரத்தில் நாக்குத் தள்ளியது. பின்னால் ஒரு வெள்ளைக்கார அம்மா, எழுபது வயதைத் தாண்டியவர், கடற்கரையில் காற்று வாங்குவதுபோல் வந்துகொண்டிருந்தார். ராயபுரத்து மானம் என்னாவது? வேகத்தைக் கூட்டினேன். நான் மூச்சு வாங்க நின்றபோதெல்லாம் அவரும் நின்று பூக்களைப் பார்த்தார். பாவம், முடியவில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

உச்சியை முதலில் தொட்டது நான்தான். கீழே ஏரி தெரிந்ததாம். நான் எங்கே பார்த்தேன்? கல்மண்டபத்து நண்பன் சவரிநாதனுக்குப் போன் போட்டேன்.

"மாமு, வெள்ளக்காரிகூட ரேஸு. ஜெயிச்சிட்டேன்!"

"சூப்பர் மாமு! அதுக்கு இன்னா வயசு?"

சிக்னல் இல்லை என்று வைத்துவிட்டேன்.

கேபிள் காரில் வந்திறங்கிய ஜூடி, அந்த அம்மாவைக் கட்டிப்பிடித்து நன்றி சொன்னாள்.

"யாரும்மா இவங்க?"

"பக்கத்து வூட்டு ஆன்ட்டிப்பா. நீ எங்கனா வுழுந்துட்டா பாத்துக்கச் சொல்லி நான்தான் பின்னாடியே அனுப்பினேன்."

அந்த அம்மா சிரித்துக்கொண்டே, நான் வீட்டில் மறந்துவிட்டு வந்த பிரஷர் மாத்திரையைத் தண்ணீரோடு நீட்டினார்.