இரண்டாவது வார்த்தை

"கஸ்மாலம்" என்றார் ஜெயினுலாபுதீன்.

ஷரீபுன்னிசா அவர் கண்ணுக்கு நேராக டம்ளரைப் பிடித்திருந்தாள். டம்ளர், டம்ளர் என்று மெதுவாக, உதடு அசைவது தெரியும்படி சொல்லிக் காட்டினாள்.

அவர் வாய் ஒரு பக்கமாகக் கோணியது. நெற்றி வியர்த்தது. மறுபடியும் அதே வார்த்தைதான் வந்தது.

ஐப்பசி மழைக்கு முன்னால் அவருக்கு வலது கையும் காலும் விழுந்துபோயின. பக்கவாதம் பேச்சையும் கொண்டுபோயிற்று. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் கண் விழித்தவர் கட்டிலோரம் நின்றிருந்த மனைவியைப் பார்த்தார். கஸ்மாலம் என்றார். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பக்கத்துக் கட்டில்காரர்கள் பாவம் என்றார்கள்.

சதுரங்கப்பட்டினத்தில் யாராலும் நம்ப முடியவில்லை. ஜவுளி மூட்டையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு திருக்கழுக்குன்றம் வரை போய் விற்றவர் அவர். பத்துப் புடவையை விரிக்கச் சொல்லிவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்து போகிறவளைக்கூட, போய்ட்டு வா தாயி என்று அனுப்புவார். அந்த வாய்க்குள் இப்படி ஒரு சொல் இருந்ததே யாருக்கும் தெரியாது.

சிலருக்கு இப்படி ஒரே சொல் மிஞ்சும், பெரும்பாலும் அது வசவாகத்தான் இருக்கும், அவர் திட்டுவதாக நினைக்காதீர்கள் என்று டாக்டர் சொல்லியிருந்தார். கையைப் பிடித்துவிடுங்கள், பொருளைக் காட்டிப் பேரைச் சொல்லிக்கொண்டே இருங்கள், மற்ற வார்த்தைகள் வந்தாலும் வரும்.

பார்க்க வந்த மகள் ஷாஜாதி வெட்கத்தில் குறுகிப்போனாள். ஆட்கள் வரும்போது அத்தாவின் அறைக் கதவைச் சாத்தி வைக்கச் சொல்லிவிட்டுப் போனாள்.

ஷரீபுன்னிசா சாத்தவில்லை.

அந்தச் சொல்லின் ஏற்ற இறக்கமெல்லாம் அவளுக்குப் பழகிவிட்டது. இழுத்துச் சொன்னால் தண்ணீர். வெடுக்கென்று சொன்னால் கால் மரத்துப்போயிருக்கிறது. அந்தியில் விளக்கோடு அவள் உள்ளே வரும்போது, முகத்தைப் பார்த்து, பாதி மூச்சாக ஒரு தடவை சொல்வார். அதற்கு என்ன அர்த்தம் என்று அவள் ஆராயவில்லை. கொடுத்ததை வாங்கி வைத்துக்கொண்டாள்.

தொழுகை முடிந்து கையேந்தும்போது நன்றிதான் முதலில் வரும். சாய்த்து வைக்காமல் உட்கார்கிறார். கோலூன்றிக் கிணற்றடி வரை போகிறார். கஞ்சி புரையேறுவதில்லை. எல்லாவற்றுக்கும் அல்ஹம்துலில்லாஹ். பிறகு கைக்காகக் கேட்பாள், காலுக்காகக் கேட்பாள். பேச்சைக் கேட்க வரும்போது மட்டும் நெஞ்சு தயங்கும்.

பேச்சு முழுசாகத் திரும்பிவிட்டால்?

அந்தப் பயத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. பயந்துகொண்டே தினமும் டம்ளரைத் தூக்கிக் காட்டினாள்.

மீன்காரி காசியம்மாள் கூடையை இறக்கிவிட்டு வாசற்படியில் உட்கார்ந்து இதையெல்லாம் பார்த்துக்கொண்டிருந்தாள். என் வூட்டுக்காரன் இதில் பாதி சொல்லியிருந்தால் உலக்கையைத் தூக்கியிருப்பேன் என்றாள்.

"இன்னா பாயம்மா நீ? அந்த மனுசன் திட்டிகினே கீறாரு, நீ இன்னாடான்னா பூ வச்சி வுட்டாப்புல சிரிச்சிகினு நிக்கிற."

ஷரீபுன்னிசா முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டாள். சிரிப்பு அடங்கவில்லை. டம்ளரை வைத்துவிட்டுச் சீப்பை எடுத்து நீட்டினாள்.

ஜெயினுலாபுதீன் சீப்பைப் பார்க்கவில்லை. தலையைத் திருப்பிக் காசியம்மாளைப் பார்த்தார். அவளிடம் ஏதோ சொல்ல வருவதுபோல் உதடு கூடியது.

ஷரீபுன்னிசாவின் சிரிப்பு நின்றது.

காசியம்மாளின் முகத்தில் கொஞ்ச நேரம் இருந்த பார்வை, மெல்ல விலகி மனைவியிடம் வந்தது. விடிந்ததிலிருந்து நின்று வீங்கிய அவள் பாதங்களுக்கு இறங்கியது. இடது கையால் கட்டில் விளிம்பைத் தட்டினார். வாய் திறந்து மூடியது. தொண்டையில் ஏதோ உருண்டது.

"ஒக்காரு."

காசியம்மாள் வெற்றிலை மெல்வதை நிறுத்தினாள். மறுகணம் கூடையைக்கூட எடுக்காமல் எழுந்து ஓடினாள். பாய்க்குப் பேச்சு வந்துவிட்டது என்று அவள் வீடு வீடாகச் சொல்லிப் போவது கேட்டது.

ஷரீபுன்னிசா நின்ற இடத்திலேயே நின்றாள்.

அடுத்தவர் முன்னால் கணவனும் மனைவியும் பேசிக்கொள்ளாதது அந்தத் தெருவில் மரியாதை. அதனால் யாரும் கவனித்ததில்லை.

கடை வைக்கும் விஷயத்தில் அவள் அண்ணனோடு அவருக்கு மனம் முறிந்த அன்று, அவளோடும் பேச்சை நிறுத்தினார். ஷாஜாதி அப்போது பாவாடை கட்டிய சிறுமி. தனக்கு வேண்டியதை, உங்கம்மாகிட்ட சொல்லு என்று மகளிடம் சொல்வார். அவள் கல்யாணமாகிப் போன பிறகு சுவரிடம் சொன்னார். பசிக்கிறது என்று சுவரிடம் சொல்வார், தட்டு வரும். ஊரில் எல்லோருக்கும் இனிக்க இனிக்கப் பேசிவிட்டு வந்து, சுவரிடம் சொல்வார்.

கஸ்மாலம் என்று அவர் சொன்னபோதெல்லாம் அவள் முகத்தைப் பார்த்துத்தான் சொன்னார்.

ஷரீபுன்னிசா கட்டிலில் உட்கார்ந்தாள்.

இத்தனை நாளும் அவரிடம் பொருள்களின் பெயர்களைத்தான் சொல்லிக்கொண்டிருந்தாள். பதில் என்று ஒன்று சொல்ல வேண்டி வந்தது இப்போதுதான். சரிங்க என்றால் போதும். அந்தச் சின்னச் சொல் அவளுக்குள் எங்கோ ஆழத்தில் கிடந்தது. வாயைத் திறந்தாள். வரவில்லை.

அவர் அவசரப்படுத்தவில்லை.