வயதுக்குச் சாட்சி

ஹாமோ வேதப்புத்தகத்தின் மேல் கையை வைத்தான். அட்டை சில்லென்றிருந்தது.

அவனுக்கு முன்னால் எட்டுப் பேர் சத்தியம் செய்து முடித்திருந்தார்கள். அவனுக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர்.

பன்னிரண்டு பேரும் சொல்ல வேண்டியது ஒன்றுதான். செத்துப்போன நிலக்கிழார் ஃபுல்க்கின் ஒரே மகன் பிரையன், இருபத்தோரு வருடத்துக்கு முன்னால், புனித லூக்கா திருநாளன்று, இதே கோயிலில் ஞானஸ்நானம் பெற்றான்.

அந்தக் காலத்தில் பிறப்பை யாரும் எழுதி வைப்பதில்லை. யார் யாருக்குப் பிறந்தார், எந்த வருடம் பிறந்தார் என்பதெல்லாம் ஊர்க்காரர்களின் ஞாபகத்தில்தான் இருந்தது. ராஜாவின் அதிகாரி அதைக் கேட்டு எழுதிக்கொண்டு போவார்.

இருபத்தொன்று நிறைந்திருந்தால் அப்பன் நிலம் பிரையன் கைக்கு வரும். இல்லாவிட்டால் இன்னும் ஒரு வருடம் காப்பாளர் ரெஜினால்டின் பிடியில் கிடக்கும்.

ரெஜினால்டு வந்த ஆறு வருடத்தில் ஓக் மரக்காட்டில் பாதி மொட்டையாகிவிட்டது. பன்றிகளுக்குத் தின்னக் கொட்டை இல்லை. உழவு மாடுகளில் நல்லதையெல்லாம் அவருடைய ஆட்கள் ஓட்டிக்கொண்டு போய்விட்டார்கள். இன்னும் ஒரு வருடம் விட்டுவைத்தால் அடுப்பெரிக்கச் சுள்ளிகூட மிஞ்சாது.

ஆனால் பிரையனுக்கு இருபதுதான் நிறைந்திருந்தது. அது பன்னிரண்டு பேருக்கும் தெரியும்.

போன வாரம் எல்லோரையும் தன் களஞ்சியத்துக்குள் கூட்டி வைத்து, வழி சொல்லிக் கொடுத்தவன் ஒஸ்பெர்ட்.

"புதுசா எதையும் ஜோடிக்காதீங்கப்பா, உளறிடுவீங்க. அன்னைக்கு அவனவனுக்கு என்ன நடந்துச்சோ, அதையே சொல்லுங்க. வருஷத்த மட்டும் ஒண்ணு பின்னால தள்ளிக்கிடுங்க."

அப்படியே சொன்னார்கள். ஒருவன் அன்றைக்கு வண்டியிலிருந்து விழுந்து கால் முறிந்ததைச் சொன்னான். ஒருவன் தன் வைக்கோல் போர் பற்றி எரிந்ததைச் சொன்னான். ஒஸ்பெர்ட், ஞானஸ்நான விருந்தில் மூக்குமுட்டக் குடித்துவிட்டு ஓடையில் விழுந்ததைச் சொன்னபோது அதிகாரியே சிரித்துவிட்டார்.

அந்தச் சிரிப்பு இன்னும் அவர் முகத்தில் இருந்தது.

"நீ சொல்லு. உனக்கு எதை வச்சு ஞாபகம்?"

"அன்னைக்குத்தான் என் மகளப் புதைச்சோம் ஐயா. மேபில்னு பேரு."

அதிகாரியின் முகம் மாறியது.

ஹாமோ மேலே சொன்னான். குழியை மூடிவிட்டு அவன் கோயில் வாசலுக்கு வந்தபோது, எதிரே மெழுகுவத்தியும் பட்டுத்துணியுமாய் ஃபுல்க் வீட்டார் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். கை முழுக்க மண்ணோடு அவன் ஒதுங்கி நின்றான். ஃபுல்க் அவனைப் பார்த்தார். வந்த கூட்டத்தை அப்படியே நிறுத்திவிட்டு, தலையிலிருந்த தொப்பியை எடுத்தார்.

வருடத்தைத் தவிர, அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

அதுவரை வாய் திறக்காமல் உட்கார்ந்திருந்த காப்பாளரின் வக்கீல் எழுந்தான்.

"உனக்குக் கல்யாணம் எப்ப ஆச்சு?"

யோசிக்காமல் உண்மையைச் சொல்லிவிட்டான் ஹாமோ. "பாலத்த வெள்ளம் அடிச்சிக்கிட்டுப் போச்சே, அந்தக் குளிர்காலத்துலங்க."

அந்த வெள்ளத்தை மறந்தவர் அந்தச் சீமையிலேயே கிடையாது. அதிகாரியும் தலையாட்டினார்.

வக்கீல் விரல்களை மடக்கினான். "அப்படீன்னா நீ சொல்ற லூக்கா திருநாளுக்கு, உனக்குக் கல்யாணமாகி ஒம்பது மாசம், மிஞ்சிப்போனா பத்து. சரி, சொல்லு. புதைச்சியே, அந்தப் பொண்ணுக்கு அப்ப என்ன வயசு?"

கோயிலுக்குள் யாரோ இருமினார்கள். ஒஸ்பெர்ட் தரையைப் பார்த்தான். தூணோரம் நின்ற பிரையனின் முகம் வெளுத்துப்போயிருந்தது.

பின்னால், பெண்கள் நிற்கிற பக்கத்தில், ஹாமோவின் மனைவி சிசிலி நின்றுகொண்டிருந்தாள். அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

"ஒரு நாள்," என்றான்.

"என்னது?"

"ஒரு நாளுங்க. பொறந்தா. மறுநாளே போயிட்டா."

வக்கீல் மடக்கிய விரல்களை விரித்தான். பிறகு உட்கார்ந்துவிட்டான். எழுத்தர் லத்தீனில் எழுதி முடிக்கும் வரை இறகுப்பேனா கீறுகிற சத்தம் மட்டும் கேட்டது.

மற்ற மூன்று பேரும் சொல்லி முடித்தார்கள். பகல் சாய்வதற்குள் பிரையனுக்கு நிலம் என்று தீர்ப்பாயிற்று. வாசலில் ஆளாளுக்குக் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். பிரையன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து ஹாமோவின் இரண்டு கைகளையும் பிடித்தான். ஹாமோ அவன் தோளைத் தட்டிக்கொடுத்தான்.

சிசிலி கல்லறைத் தோட்டத்துச் சுவரோரம் காத்திருந்தாள்.

"ஒரு நாள்னு எழுதிட்டாங்களா?"

"எழுதிட்டாங்க."

இருவரும் சரிவில் இறங்கி நடந்தார்கள். ஓடையைத் தாண்டியதும் அவள் நின்றாள்.

"மேபில் போறதுக்கு முந்தின வாரம், பெஞ்சப் பிடிச்சிக்கிட்டு நின்னவ, கைய விட்டுட்டு உன் முட்டி வரைக்கும் நாலு எட்டு வச்சாளே."

"அஞ்சு," என்றான் ஹாமோ.