சாய்ந்த வெளிச்சம்

"இது ஒரிஜினல் இல்லை. அடுத்த ஆள் வாங்க" என்றார் ரூடிகர் ரேபைன்.

மேசைமேல் ஒரு பழைய ஜெர்மன் பயனெட். துப்பாக்கி முனையில் மாட்டுகிற கத்தி. அதைக் கொண்டுவந்த கிழவர் எவால்ட் கிம்மெல் நகரவில்லை.

"ஹெர் ரேபைன், இன்னொரு தடவை பாருங்களேன். எங்கம்மா வச்சிருந்தது. கண்காட்சியில அவங்க பேரைப் போட்டு ஒரு மூலையில வச்சாலே போதும்."

உலகப் போர் முடிந்த நினைவுக்காக நகர மண்டபத்தில் கண்காட்சி. வீடு வீடாக வந்து சேரும் பொருள்களில் எது அசல், எது பிறகு கைவைத்தது என்று பிரிப்பது ரேபைன் பொறுப்பு. பயனெட் சேகரிப்பதில் அந்த வட்டாரத்தில் அவரை அடித்துக்கொள்ள ஆளில்லை. தேர்வான பொருள்களுக்குப் பெயர்ச்சீட்டு எழுதிக்கொண்டிருந்தாள் மகள் மரைக்கே. பல்கலைக்கழகத்தில் வரலாறு படிப்பவள்.

ரேபைன் கத்தியை ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தார்.

"பிடிக்குப் பக்கத்துல லேசா ஒரு பள்ளம் தெரியுதா? நேரா பார்த்தா தெரியாது, வெளிச்சம் சாய்வா விழணும். இங்கதான் நாஜிக் கழுகு முத்திரை இருந்திருக்கு. அரத்தால தேய்ச்சு எடுத்துட்டு, அடுப்புல வாட்டிக் கறுப்பு ஏத்தியிருக்கு. பழைய கறுப்பும் புதுக் கறுப்பும் சேரவே இல்லை. உறை நம்பரும் கத்தி நம்பரும்கூட வேற வேற."

"தேய்ச்சதுதான், நான் இல்லைன்னு சொல்லலையே" என்றார் கிம்மெல். "ஓடிப்போன சிப்பாய்ங்க ஆத்தங்கரையில வீசிட்டுப் போனது. வீட்டுல ஒரு கத்திகூட இல்லாம, அம்மா பொறுக்கிட்டு வந்தாங்க. நான் பொறந்த வாரம் உக்காந்து அந்த முத்திரையைத் தேய்ச்சாங்களாம். புள்ளை கண்ணுல அது படக்கூடாதுன்னு. அப்புறம் கடைசிவரைக்கும் ரொட்டி, இறைச்சி எல்லாம் இதுலதான் நறுக்கினாங்க."

"கதை நல்லாத்தான் இருக்கு. கத்திதான் நல்லா இல்லை."

வரிசையில் நின்ற பேக்கரிக்காரர் சிரித்தார். "ரூடிகர், என் பல்செட்டையும் அப்படிச் சாய்ச்சுப் பாரேன். ஒரிஜினல்னு சொல்லிட்டா என் பொண்டாட்டி சந்தோஷப்படுவா!"

கிம்மெல் சிரிக்கவில்லை. கத்தியைக் கட்டம்போட்ட சமையலறைத் துண்டில் சுற்றி எடுத்துக்கொண்டு போனார்.

காரில் ஏறியதுமே மரைக்கே ஆரம்பித்தாள்.

"அப்பா, நீங்க பண்ணினது அநியாயம். ஹிட்லர் முத்திரையை ஒரு அம்மா தேய்ச்சு எடுத்தா அது குத்தமா? அதைத்தானே கண்ணாடிப் பெட்டியில முதல்ல வைக்கணும்?"

"அசிங்கமா இருந்தாலும் இருந்தது இருந்தபடி இருக்கணும். அதுக்குப் பேர்தான் வரலாறு. உனக்கு நான் சொல்லணுமா?"

"அவங்க எதையும் மறைக்கலையே!"

"சுரண்டினாலே மறைக்கிறதுதான். என்ன காரணம் சொன்னாலும் சரி, யாராயிருந்தாலும் சரி, சுரண்டின கை பொய் சொன்ன கை."

விவாதத்தில் மரைக்கே தோற்பது அபூர்வம். அப்பா சொன்னதிலும் நியாயம் இருப்பதாகப் பட்டது. அதுதான் அவளுக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

"சரி, ஒத்துக்கறேன். அப்ப நம்ம வீட்டுல இருந்தும் ஏதாவது வைக்கணும் இல்லையா? தாத்தா போட்டோவைக் குடுப்போம். சரக்கு ரயில் காவலாளியா இருந்தாரே, அந்தச் சீருடை போட்டோ."

"அது எதுக்கு இப்ப? ஆணி துருப்பிடிச்சுக் கிடக்கு. கழட்டினா சுவர் பேந்து வரும்."

சுவர் பெயரவில்லை. வீட்டுக்கு வந்து அவர் காபி போடப் போன நேரத்தில் மரைக்கே படத்தைக் கழற்றினாள். சட்டத்தின் கண்ணாடி ஒரே தூசி. துடைப்பதற்காகப் படத்தை வெளியே எடுத்தவள், சும்மா ஒரு விளையாட்டுக்கு ஜன்னல் பக்கம் சாய்த்துப் பிடித்தாள்.

தாத்தாவின் காலரில் லேசாக ஒரு பள்ளம்.

அப்பாவின் கோட்டுப் பையிலிருந்து லென்ஸை எடுத்தாள். காலர்ப் பட்டையை யாரோ சுரண்டி, மேலே கறுப்பு மை தடவியிருந்தார்கள். சுரண்டியதில் தப்பிய ஒரு சின்னக் கூர் நுனி, பட்டையின் ஓரத்தில் வெள்ளையாக நின்றது. அந்த நுனி எதனுடையது என்று அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஹிட்லரின் எஸ்.எஸ். கொலைப்படை காலரில் குத்திக்கொண்ட இரட்டை மின்னல். பாடப் புத்தகத்திலேயே எத்தனை தடவை பார்த்திருக்கிறாள்!

ரேபைன் காபியுடன் வந்து நின்றார்.

"தாத்தா ரயில்வேயில இல்லை. அப்படித்தானே?"

ரேபைன் அவள் கையிலிருந்த லென்ஸைப் பார்த்தார்.

"பழைய கறுப்பும் புதுக் கறுப்பும் சேரலைப்பா" என்றாள். குரலை உயர்த்தவில்லை. "யார் வேலை இது? பாட்டியா?"

ரேபைன் கோப்பைகளை மேசையில் வைத்தார். படத்தைக் கையில் வாங்கிப் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்தார்.

"ஹெர் கிம்மெலா? ரேபைன் பேசறேன். நாளைக்கு அந்தக் கத்தியை எடுத்துட்டு வாங்க. உங்கம்மா பேரோட நடுப்பெட்டியில வச்சிடலாம்."

"ஒரிஜினல் இல்லைன்னு விரட்டினீங்களே?" என்று மறுமுனையில் கிழவர் கேட்டது மரைக்கேவுக்கும் கேட்டது.

"ஆமா, சொன்னேன். பக்கத்துல வைக்க என்கிட்டயும் அதே மாதிரி ஒண்ணு இருக்கு."

தொலைபேசியை வைத்துவிட்டு, மகளின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்:

"பாட்டி இல்லைம்மா. நீ பொறந்த வாரம், நான்தான்."