டாலிவர் தூங்குகிறார்

"டாலிவர்! அந்த ரேடியோவைக் கொஞ்சம் குறைச்சு வையுங்க! தெருவுல மனுஷங்க குடியிருக்க வேண்டாமா?"

பக்கத்து வீட்டு மூடிய கதவைப் பார்த்து வெர்னெல் போட்ட சத்தத்தில் கம்பியில் இருந்த புறாக்கள் பறந்தன. மாநகராட்சியின் வெள்ளைக் கார் அப்போதுதான் தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது.

"போதும் மிஸஸ் வெர்னெல், உங்க நடிப்பு தாங்கலை," என்றார் அடுத்த வாசற்படியில் உட்கார்ந்திருந்த ஹோசியா. "அந்த ரேடியோவே நீங்க வச்சதுதானே."

டாலிவர் என்று ஒருவர் கிடையவே கிடையாது. பால்டிமோரின் மேற்குப் பக்கத்தில் சுவரோடு சுவராக நிற்கும் அந்த ஆறு செங்கல் வீடுகளில் நான்கு காலி. மிச்சம் இரண்டில் ஒன்று, பள்ளிப் பேருந்து ஓட்டும் வெர்னெலுடையது. இன்னொன்று, முடிவெட்டும் கடையை மூடிவிட்டு ஓய்வாக இருக்கும் ஹோசியாவுடையது. இரண்டுக்கும் நடுவில்தான் 'டாலிவர் வீடு'. அதன் சொந்தக்காரர் எந்த ஊரில் இருக்கிறாரோ, யாருக்கும் தெரியாது.

போன அக்டோபரில் ஒரு கடிதம் வந்தது. ஆறில் மூன்று வீட்டிலாவது ஆள் குடியிருந்தால் வரிசை முழுவதையும் மாநகராட்சியே பழுதுபார்த்துத் தரும். ஒன்று குறைந்தாலும் மொத்தமாக இடித்துவிடும். அன்றைக்குப் பிறந்தவர்தான் டாலிவர்.

பழைய குடித்தனக்காரி விட்டுப்போன சாவி வெர்னெலிடம் இருந்தது. நடு வீட்டின் முன்னறை ஜன்னலுக்குத் திரை போட்டார். தன் வீட்டிலிருந்து வயர் இழுத்து, சாயங்காலமானால் தானாக எரியும் விளக்கு வைத்தார். ஹோசியா செவ்வாய்தோறும் அந்த வீட்டுக் குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளுவார். சனிக்கிழமை அதன் வெள்ளைப் பளிங்குப் படிகளைத் தேய்த்துக் கழுவுவார். மாடிப் பக்கம் மட்டும் இருவரும் எட்டிப் பார்த்ததில்லை. வெர்னெலுக்கு முழங்கால் வலி. ஹோசியாவுக்கு எலி என்றால் பயம்.

எட்டு மாதமாக இருவரும் படாத பாடு பட்டுவிட்டார்கள். இன்றுதான் மாநகராட்சி ஆள் கணக்கெடுக்க வரும் நாள்.

"எல்லாம் நல்லபடியா முடியும் பாரு," என்றார் வெர்னெல். "வருஷா வருஷம் அந்த வீட்டு ஓட்டைக் கூரையால என் சுவர்ல தண்ணி இறங்கும். இந்த வருஷம் அவ்வளவு மழைக்கும் ஒரு சொட்டு இல்லை. எல்லாம் நான் பண்ணின ஜெபம்."

"ஜெபம் கூரையைக்கூட அடைக்குமா? அப்ப எங்க வீட்டுக்கும் கொஞ்சம் பண்ணுங்களேன்."

கார் வந்து நின்றது. இறங்கிய இளம்பெண் பெட்டிஃபோர்டு என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொண்டாள். இருவரிடமும் டேப்லெட்டை நீட்டிக் கையெழுத்து வாங்கினாள்.

"இந்த நடு வீட்டுல?"

"டாலிவர்," என்றார்கள் இருவரும் ஒரே குரலில்.

"துறைமுகத்துல கிரேன் ஓட்டறாரு. நைட் ஷிப்ட். இப்ப தூங்குவாரு," என்றார் வெர்னெல்.

"எழுப்பினா கெட்ட கோபம் வரும். பொண்டாட்டி விட்டுட்டுப் போனதுல இருந்தே அப்படித்தான்," என்றார் ஹோசியா.

"அவருக்குக் கல்யாணமே ஆகலையே," என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு வெர்னெல் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

பெட்டிஃபோர்டு இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். "ஆளைப் பார்க்காம எழுத முடியாதும்மா. முகமும் தெரியணும், கையெழுத்தும் வேணும்."

பளிங்குப் படி ஏறிக் கதவைத் தட்டினாள். உள்ளே ரேடியோ மட்டும் பாடிக்கொண்டிருந்தது. மறுபடியும் தட்டினாள்.

வெர்னெல் தன் வீட்டைத் திரும்பிப் பார்த்தார். முப்பது வருஷம் வாழ்ந்த வீடு அது. பிள்ளைகள் பிறந்ததும் அங்கேதான், புருஷன் கண்ணை மூடியதும் அங்கேதான். பொய் சொல்லி மாட்டிக்கொள்வதைவிடத் தானே சொல்லிவிடுவது மேல் என்று பட்டது.

"அம்மா, உண்மையைச் சொல்லிடறேன். அந்த வீட்டுல..."

உள்ளே தாழ்ப்பாள் விலகும் சத்தம் கேட்டது.

கதவு திறந்தது. ஐம்பது வயதிருக்கும் ஒரு மனிதர், காலில் சாக்ஸோடு, கண்ணைக் கசக்கிக்கொண்டு நின்றார். ஹோசியா விழுந்துவிடாமல் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார்.

"நைட் ஷிப்ட் முடிச்சு இப்பத்தான் கண்ணசந்தேன். யாரும்மா?"

"மிஸ்டர் டாலிவர்?"

"வேற யாரு இருக்கா இங்க?" என்று சிடுசிடுத்தார் அவர். "கல்யாணம் ஆச்சு, அவ போயிட்டா, இப்ப ஆகாத மாதிரிதான். அவங்க ரெண்டு பேர் சொன்னதும் சரிதான், போட்டுக்குங்க."

தார் அப்பிய விரலால் டேப்லெட்டில் கையெழுத்துப் போட்டார். பெட்டிஃபோர்டு சட்டைக் கையால் திரையைத் துடைத்துவிட்டுச் சிரித்தாள். "மூணு வீடு. இடிப்புப் பட்டியல்ல இருந்து எடுத்துடறேன். தூக்கத்தைக் கெடுத்ததுக்கு மன்னிச்சுக்குங்க."

கார் தெருமுனை தாண்டும்வரை மூன்று பேரும் கையாட்டினார்கள். பிறகு வெர்னெல் படியில் தொப்பென்று உட்கார்ந்தார். அவர் கண் அந்தத் தார் விரலை விட்டு நகரவில்லை.

"கூரையை அடைச்சது..."

"என் படுக்கை மேலயும்தானே ஒழுகுச்சு."

"யாருப்பா நீ? எப்ப வந்தே?" என்றார் ஹோசியா.

அந்த மனிதர் உள்ளே போய் ரேடியோவைக் குறைத்துவிட்டு வந்தார். வெர்னெலுக்குப் பக்கத்தில் மெல்ல உட்கார்ந்தார்.

"நீங்க திரை போடறதுக்கு முந்தின வாரம். இங்க ஆளே இல்லாத மாதிரி காட்ட எட்டு மாசமா நான் பட்ட பாடு இருக்கே!"