பீரோவுக்குப் பின்னால்

நான்காவது வீட்டைப் பார்த்ததும் லிஃப்ட் மெக்கானிக் பேச்சை நிறுத்திவிட்டார். புரோக்கருக்குப் புரிந்துவிட்டது. வீடு பிடிக்காதவன்தான் வாய் ஓயாமல் பேசுவான்.

முதல் மூன்று வீடுகளிலும் அவர் நிறையப் பேசியிருந்தார். அவர் கையில் இருந்தது பெரிய தொகையும் இல்லை, சின்னத் தொகையும் இல்லை. அதை வைத்துக்கொண்டு இந்தப் பழைய தெருக்களில் என்ன வாங்கலாம் என்பதை அந்த மூன்றும் காட்டிவிட்டன. ஒன்றில், குளிக்கப் போவதற்கு அடுப்பைத் தாண்ட வேண்டும். இன்னொன்றில், ஜன்னல் வழியாகக் கையை நீட்டினால் அடுத்த வீட்டுக்காரரின் டீயைக் குடித்துவிட்டுத் திரும்பலாம். மூன்றாவது நல்ல வீடு. ஆனால் ஐந்தாவது மாடி, லிஃப்ட் கிடையாது.

"ஊர்ல இருக்கிற லிஃப்டெல்லாம் இவர் கையில ஓடுது. இவருக்குன்னு வர்ற வீட்டுக்குப் படிதான்" என்று அங்கேயே மனைவி சிரித்தாள். சிரிப்பை விட மூச்சுதான் அதிகம் வாங்கியது.

இது முதல் மாடி. பதினாறு படி. மெக்கானிக்கின் அப்பாவுக்கு இரண்டு முட்டியும் போய்விட்டன; பதினாறு என்றால் எப்படியும் ஏறிவிடுவார். மனைவி நர்ஸ். அவள் வேலை பார்க்கும் ஆஸ்பத்திரி நடக்கிற தூரம். இதுவும் கைநழுவினால் ஊருக்கு வெளியேதான் போக வேண்டும். புது வீடு, பளபளப்புத் தரை, தினமும் இரண்டு பஸ். இருக்கிற வாடகை வீட்டைக் காலி செய்ய மூன்று மாதம்தான் தவணை.

மெக்கானிக் சுவரைத் தட்டினார். பாறை மாதிரி நின்றது. கதவை ஒரு விரலால் தள்ளினார். சத்தமே இல்லாமல் போய்ச் சாத்திக்கொண்டது. குனிந்து கீலைப் பார்த்தார். எண்ணெய் போட்டிருந்தது. யாரோ ஒழுங்கான ஆள் வைத்திருந்த வீடு.

ஓனரைப் பார்க்கலாமா என்று கேட்டார். அவங்க வரமாட்டாங்க, எதுவானாலும் என்னிடமே பேசுங்கள் என்றார் புரோக்கர்.

மெக்கானிக் மனைவியைப் பார்த்தார். அவள் தலையை ஆட்டினாள். முன்பணம் எப்போது தரலாம் என்று அவர் பேச்செடுக்கும்போதுதான் ஒரு அம்மா உள்ளே வந்தார். அறுபது வயதிருக்கும். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டிருந்தார்.

புரோக்கரின் முகம் சுண்டிப்போனது.

"எதிர் வீட்ல இருக்காங்க" என்றார் அவசரமாக.

அந்த அம்மா நேராகப் படுக்கையறைக்குப் போனார். சுவரோடு ஒட்டி நின்ற காலி பீரோவைத் தோள் கொடுத்துத் தள்ளினார். பின்னால் சுவரில் ஆள் உயரத்துக்கு ஈரக்கறை.

"மழை பேஞ்சா இது ஊறும். ரெண்டு வாட்டி பூசியும் நிக்கல. உள்ள ஒரு பழைய பைப் ஓடுது. அதை எடுத்தாத்தான் தீரும்."

பழைய வீடு என்றால் இரண்டு கறை இருக்கத்தானே செய்யும் என்று புரோக்கர் இளித்துப் பார்த்தார். அந்த அம்மா அவர் பக்கமே திரும்பவில்லை. சமையலறைத் தொட்டி மாதம் ஒருமுறை அடைத்துக்கொள்ளுமாம். காலை எட்டு மணிக்கு மேல் குழாயில் தண்ணீர் நூலாகத்தான் விழுமாம். மேல் வீட்டுக்காரன் நாற்காலியைத் தூக்கி வைத்துப் பழகாதவனாம், பகலெல்லாம் இழுப்பானாம்.

பிறகு கூடத்து மூலையில் ஒரு விரிசலைக் காட்டினார். அது முடிகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு, பக்கத்தில் தேதி.

"ஆறு வருஷமா இந்தக் கோட்டைத் தாண்டல. இதுக்கு மட்டும் பயப்பட வேணாம்."

அந்தக் கோடு மெக்கானிக்குக்குப் பிடித்தது. நட்டு தளர்கிறதா என்று பார்க்க அவரும் இப்படித்தான் பெயின்டால் கோடு போட்டு வைப்பார். பைப்பை எடுப்பது இரண்டு நாள் வேலை, தொட்டி அடைப்பு அரை நாள் என்று மனசுக்குள் ஓட்டியும் பார்த்துவிட்டார். வீடு வேண்டும்தான். இந்த அம்மாவைத்தான் பிடிக்கவில்லை.

மனைவி அவர் காதோரம் வந்தாள். எதிர் வீட்டுக்காரிக்கு இந்த வீட்டின் ஓட்டை உடைசலெல்லாம் எப்படி இவ்வளவு அத்துப்படி என்று கேட்டாள். விலையை அடித்து இறக்கி, தம்பிக்கோ மகனுக்கோ வாங்கிப் போடத்தான் இந்தப் பாடு என்றாள்.

அதற்குள் புரோக்கர் அந்த அம்மாவை வாசல் பக்கம் ஒதுக்கிக்கொண்டு போனார். குரலைத் தாழ்த்தித்தான் பேசினார். காலி வீடு, எல்லாம் கேட்டது.

"இதோட அஞ்சு பேரும்மா. ஆள் வர்றப்ப நீங்க வராம இருந்தா என்ன?"

மெக்கானிக்குக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. நான்கு குடும்பத்தை விரட்டிவிட்டு ஐந்தாவதாக இங்கே வந்திருக்கிறாள். ஒன்பது வருடமாக வாயைக் கட்டி, வயிற்றைக் கட்டிச் சேர்த்தது யாருக்குத் தெரியும்? விறுவிறுவென்று வாசலுக்குப் போனார்.

"இந்தாங்கம்மா. நல்ல வீடுன்னு எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். யாருக்காக வெலையை இறக்கறீங்க? அதை நேரா சொல்லிடுங்க."

புரோக்கர் தரையைப் பார்த்தார்.

அந்த அம்மாவுக்குக் கோபம் வரவில்லை. தோளில் ஒட்டியிருந்த தூசியைத் தட்டிவிட்டார்.

"வெலை எறங்கினா நஷ்டம் எனக்குத்தாம்ப்பா, வீடு என்னோடது. நான் வாங்கினப்ப ஒருத்தர்கூட வாயைத் தெறக்கல."