கசக்காத மருந்து

"டாக்டர், நீங்க கொடுத்தது மருந்தா, சர்க்கரைத் தண்ணியா?"

நாற்காலியில் உட்காரும் முன்பே அம்மா ஆரம்பித்துவிட்டாள். தையல் கம்பெனியில் அரை நாள் லீவுக்காகச் சூப்பர்வைசரிடம் கெஞ்சிய கோபம், பல் டாக்டர் தலையில் விடிந்தது.

பிரச்சினை சின்னவன். ஐந்து வயதாகியும் கட்டை விரல் வாயை விட்டு இறங்குவதில்லை.

"காலையிலயும் ராத்திரியும் நானேதான் அந்தக் கசப்பு மருந்தை விரல்ல தடவுறேன். இவன் பாட்டுக்கு ஜம்முனு சப்பிக்கிட்டுத் தூங்குறான்!"

டாக்டர் டார்ச் அடித்து அவன் வாய்க்குள் பார்த்தார்.

"முன்பல் இன்னும் கொஞ்சம் தூக்கிடுச்சேம்மா. மேல் வரிசையும் கீழ் வரிசையும் சேரவே மாட்டேங்குது. புதுப் பல்லு முளைக்கிறதுக்குள்ள பழக்கத்தை விட்டாகணும். இல்லேன்னா பின்னாடி கம்பிதான்."

அம்மாவுக்கும் தூக்கிய பல்தான். பள்ளிக்கூடத்தில் 'தேங்காத் துருவி' என்றுதான் கூப்பிடுவார்கள். இன்றைக்கும் சிரிப்பு வந்தால் கை தானாக வாயைப் பொத்தும். பிள்ளைக்கும் அந்தக் கதி வரக் கூடாது.

கோபம் இப்போது ஓரமாக நின்ற மூத்தவள் மேல் பாய்ந்தது. அவளுக்கு எட்டு வயது.

"எல்லாம் இவளாலதான் டாக்டர். தம்பி பக்கத்துலதான் படுக்கிறா. அவன் விரலை எடுத்து விடுடின்னா காதுலயே வாங்க மாட்டா. வாயில விரலை வச்சாக் கடிக்கத் தெரியாத மாதிரி நிக்கிறா பாருங்க! தம்பின்னா அவ்வளவு பொறாமை!"

மூத்தவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

டாக்டர் அதே மருந்தில் ஒரு சொட்டை அம்மாவின் விரலில் விட்டார்.

"நீங்களே நக்கிப் பாருங்க."

அம்மாவின் முகம் அஷ்டகோணலானது. பாதி பாட்டில் தண்ணீர் குடித்த பிறகுதான் பேச்சு வந்தது.

"அப்போ இவனுக்கு மட்டும் எப்படிக் கசக்காம இருக்கு?"

"அதையும் பார்த்துடலாம்" என்று சின்னவன் கட்டை விரலில் மருந்தைத் தடவினார் டாக்டர்.

சின்னவன் அதை வாய்க்குக் கொண்டுபோகவில்லை. நேராக அக்காவிடம் நீட்டினான்.

"அக்கா, இந்தா."

மூத்தவள் பயத்தோடு அம்மாவைப் பார்த்தாள். அதற்குள் தம்பியின் உதடு பிதுங்க ஆரம்பித்துவிட்டது. அதைப் பார்த்து அவளால் சும்மா இருக்க முடியவில்லை. குனிந்து, அவன் விரலைத் தன் வாயில் வைத்துச் சுத்தமாகச் சப்பி எடுத்து, கவுனில் துடைத்து விட்டாள்.

விரல் ஜம்மென்று சின்னவன் வாய்க்குள் போய்விட்டது.



டாக்டர் மூத்தவளிடம் கேட்டார். "தினமும் இப்படியா பண்றே? உனக்குக் கசக்கலையா கண்ணு?"

"ரொம்பக் கசக்கும் டாக்டர்" என்றாள் மூத்தவள். "ஆனா நான் பெரியவ இல்லையா, தாங்கிக்குவேன்."